ஆஸ்பத்திரிக்குன்னு அப்பாரு எழுதி வெச்ச 40 சென்ட்: இப்பக் கடை கட்டறாங்களாம், என்ன பண்றதுங்க?

#1 கோரையாத்துப்பேத்தி

வணக்கமுங்க. கேரளாவுல பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலூக்கு, தமிழ்நாட்டு பார்டரை ஒட்டின ஊரு. பஞ்சாயத்துப் பேரு வேண்டாம், தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்.

எங்க அப்பாரு, அதாவது அப்பாவோட அப்பா, 1979-ல உயில் எழுதி ரிஜிஸ்டர் பண்ணி வெச்சாருங்க. தோட்டம் பசங்க மூணு பேருக்கு. ரோட்டோரத்துல 40 சென்ட் மட்டும் பஞ்சாயத்துக்கு, பிரசவ ஆஸ்பத்திரி கட்டறதுக்கு. 1983-ல அவரு போயிட்டாரு. அடுத்த வருசமே எங்க அப்பா, பெரியப்பா, சித்தப்பா மூணு பேரும் கையெழுத்துப் போட்டு, கல்லு நட்டு, பூமியை ஒப்படைச்சுட்டாங்க. பஞ்சாயத்துல போர்டு கூட வெச்சாங்க. போர்டு துருப்பிடிச்சு விழுந்ததுதான் மிச்சம், ஆஸ்பத்திரி வரவே இல்லை.

நடுவுல எருமை மேஞ்சுது. அப்புறம் ஒரு மூலையில தகரக் கொட்டாய் போட்டு பிளாஸ்டிக் மூட்டை அடுக்கினாங்க. சரி, ஊருக்குத்தானேன்னு விட்டோம். இப்ப கடை கட்டி வாடகைக்கு விடறதுன்னு கமிட்டியில தீர்மானம் போட்டிருக்காங்க. தகவல் உரிமையில கேட்டு வாங்கின ஆஸ்தி ரிஜிஸ்டர் காப்பியில "40 சென்ட், காலிமனை"ன்னு மட்டும் இருக்குது. ஆஸ்பத்திரின்னு ஒரு எழுத்து இல்லை. உயில் தமிழ்ல இருக்கறதால மலையாளத்துல மொழிபெயர்த்துக் கொண்டாங்கன்னு ஆபீஸ்ல சொல்றாங்க.

அப்பாவும் பெரியப்பாவும் இப்ப இல்லை. சித்தப்பா "பூமியைத் திருப்பி வாங்கியே தீரோணும்"னு நிக்கறாரு. வாங்க முடியுமுங்களா?

#2 வேலந்தாவளம்டீக்கடை

திருப்பியா? நல்லாக் கேட்டீங்க போங்க. கவர்மென்ட் கைக்குப் போனது திரும்பி வந்த சரித்திரம் இந்தப் பக்கம் கிடையாது. கடை கட்டினாங்கன்னா ஏலத்துல ஒரு கடையை நீங்களே எடுத்து அப்பாரு பேரை வெச்சிடுங்க 😀

#3 பழைய ஆதாரமெழுத்து

டீக்கடைத் தம்பி, சும்மா இருப்பா.

அம்மிணி, நான் ஆதாரம், அதாவது பத்திரம், எழுதிப் பிழைச்சவன். சித்தூர், கொல்லங்கோடு, கொழிஞ்சாம்பாறைன்னு இந்தப் பக்கத்துக் காகிதம் நிறையப் பார்த்தாச்சு. பொதுக் காரியத்துக்குப் பூமி குடுக்கறவங்க ரெண்டு வழியில குடுப்பாங்க. உசுரோட இருக்கும்போதே தானமா எழுதறது ஒண்ணு. 1882 சொத்து மாற்றுச் சட்டத்துல 122, 123 பிரிவு அதுக்குத்தான். ரிஜிஸ்டர் ஆகோணும், ரெண்டு சாட்சி வேணும், குடுக்கறவர் உசுரோட இருக்கறப்பவே வாங்கறவங்க ஏத்துக்கோணும். பஞ்சாயத்து ஏத்துக்கிட்டதுக்குத் தீர்மானம் இல்லாம, தந்த மகராசன் கண்ணை மூடி, தானமே செல்லாமப் போனது உண்டு. இன்னொண்ணு உயில். அது அவரு போனதுக்கப்புறம்தான் உசுர் பெறும். உங்க அப்பாரு ரிஜிஸ்டர் பண்ணினதும், பசங்க மூணு பேரும் சண்டை போடாம ஒப்படைச்சதும் பெரிய விசயம். அஸ்திவாரம் கெட்டியா இருக்குது.

கோளாறு எங்கன்னா, ஒப்படைச்சதுக்கு அப்புறம். போக்குவரவு, அதாவது ரெவின்யூ கணக்குல பேரு மாத்தம், ஆச்சா? பஞ்சாயத்துப் பேருல தண்டப்பேர்ங்கற நிலவரிக் கணக்கு விழுந்துதா? விழுந்திருந்தா எந்தக் காகிதத்தை வெச்சு விழுந்துது? ஒப்படைச்ச அன்னிக்கு எழுதிக் குடுத்ததுல உயிலோட நம்பர் இருக்குதா? வில்லேஜ் ஆபீஸ்காரன் ரிஜிஸ்டர்ல சர்வே நம்பர், அளவு, பேரு, கரம்ங்கற வரி இதுகதான் ஏறும். எதுக்காகக் குடுத்தாங்கங்கறது உயிலுக்குள்ளயே கிடக்கும். பத்து வருசத்துல ஆபீசர்மார் மாறிடுவாங்க, உயில் எங்கயோ பீரோவுல, ரிஜிஸ்டர் மட்டும் மேசை மேல. அப்புறம் அது காலிமனைதான். இதுல யாரும் திருடோணும்னு நினைச்சுத் திருடறதில்லை அம்மிணி. அதுதான் வயித்தெரிச்சல்.

முதல்ல சப் ரிஜிஸ்டிரார் ஆபீஸ்ல உயிலோட சர்ட்டிபைடு காப்பி எடுங்க. குடிக்கடம், அதாவது வில்லங்க சர்டிபிகேட்டும் ஒண்ணு. ரெண்டையும் கையில வெச்சுட்டுப் பேசலாம்.

#4 கோரையாத்துப்பேத்தி

ரொம்ப நன்றிங்க ஐயா. உயில் நோட்டரி காப்பி வீட்ல இருக்குது. "மேற்படி 40 சென்ட் பூமியில் ஸ்திரீகளின் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரி கட்டி நடத்தும் பொருட்டு பஞ்சாயத்து அடைந்துகொள்ள வேண்டியது. வேறு காரியத்துக்கு உபயோகப்படுத்தவோ விக்கிரயம் செய்யவோ கூடாது." இவ்வளவுதான். கட்டலைன்னா என்ன ஆகோணும்னு எழுதலைங்க. எத்தனை வருசத்துக்குள்ளன்னும் இல்லை.

#5 கோர்ட்வாசல்

கோவையில் வக்கீல். முழு உயிலையும் பார்க்காமல் சொல்வதால் பொதுவாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் தட்டச்சு செய்த அந்த ரெண்டு வரிதான் வழக்கே. கட்டாவிட்டால் வாரிசுகளுக்குத் திரும்ப வேண்டும் என்று ஒரு வரி இருந்திருந்தால் சித்தப்பா பேச இடம் உண்டு. அப்போதும் எந்தத் தேதியில் உரிமை திரும்பியது, அதிலிருந்து 12 வருடம் தாண்டிவிட்டதா என்று காலவரையறைச் சட்டத்தைக் காட்டி எதிர்த் தரப்பு நிற்கும். உங்கள் உயிலில் அந்த வரியே இல்லை. ஆகவே நிலம் குடும்பத்துக்கு வருவது கஷ்டம். நேராகச் சொல்லிவிடுகிறேன், சித்தப்பா வருத்தப்பட்டாலும் சரி.

ஆனால் "பொருட்டு" என்றும் "வேறு காரியத்துக்குக் கூடாது" என்றும் இருக்கிறதே, அது பஞ்சாயத்தின் கையைக் கட்டுகிறது. பஞ்சாயத்து அந்த நிலத்தின் தன்னிஷ்டச் சொந்தக்காரர் அல்ல, ஒரு காரியத்துக்காக நம்பி ஒப்படைக்கப்பட்டவர் என்று வாதாடலாம். அந்த வாதம் நின்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92-ஆம் பிரிவு இருக்கிறது. பொது தர்மத்தில் அக்கறை உள்ள ரெண்டு பேர் கோர்ட் அனுமதி வாங்கி வழக்குப் போடலாம். வாரிசாக இருக்க வேண்டியதே இல்லை, ஊர்க்காரர் போதும். காலவரையறைச் சட்டம் 10-ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட காரியத்துக்காக நம்பி ஒப்படைத்த சொத்தை மீட்க, அதை வைத்திருப்பவர் மேல் காலக்கெடு ஓடாது. 40 வருடம் தூங்கிவிட்டீர்கள் என்று அவர்கள் சொல்லித் தப்ப முடியாது.

ஒரு எச்சரிக்கை. எழுதிய காரியம் இனி நடக்கவே முடியாது என்று கோர்ட் கருதினால், அதற்கு மிக நெருங்கிய இன்னொரு நற்காரியத்துக்கு நிலத்தைத் திருப்பிவிடலாம். அதே 92-இல் அதற்கும் இடம் இருக்கிறது. கடை வாடகை எந்தக் கணக்கிலும் பிரசவத்துக்கு நெருங்கியது ஆகாது.

#6 பஞ்சாயத்துபெஞ்ச்

நான் வேற பஞ்சாயத்துல மெம்பரா இருந்தவன். எல்லாரும் கல்லெறியறதுக்கு முந்தி எங்க பக்கத்தையும் கேளுங்க.

1979-ல பஞ்சாயத்து தனியா எப்படி ஆஸ்பத்திரி கட்டி நடத்தும்? ஆஸ்பத்திரி சுகாதாரத் துறையோடது. டாக்டர், நர்ஸ் போஸ்ட்டெல்லாம் திருவனந்தபுரத்துல இருந்து வரோணும். பூமி பஞ்சாயத்து கையில, ஆஸ்பத்திரி துறை கையில. பஞ்சாயத்து "பூமி ரெடி, ஆளைப் போடுங்க"ன்னு எழுதும். துறை "கட்டடத்தைக் காட்டுங்க"ன்னு எழுதும். 1995-ல ஆரம்ப சுகாதார நிலையங்களை கிராம பஞ்சாயத்துக்கு மாத்தினாங்க, 96-ல ஜனகீயாசூத்திரணம்ங்கற மக்கள் திட்டம் வந்து கையில பணமும் வந்துது. அப்பவும் புதுசா ஒரு போஸ்ட் வேணும்னா நிதித் துறை சம்மதிக்கோணும். அதுக்கு மேல ஜனத்தொகைக் கணக்கு: சமதளத்துல 5,000 பேருக்கு ஒரு சப் சென்டர்ங்கற துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். பக்கத்துலயே ஒண்ணு இருந்துட்டா உங்களுக்கு இல்லைன்னு முடிச்சிடுவாங்க.

கடை ஏன்னு கேட்டா, வாடகை பஞ்சாயத்தோட சொந்த வருமானம். தெருவிளக்கு எரியறதும் அதுலதான். எங்க வயித்துக்கா கட்டறோம்?

#7 வேலந்தாவளம்டீக்கடை

போஸ்ட் வரலைன்னா கடை கட்டலாம்னு எந்தச் சட்டத்துல இருக்குது மெம்பர் சார்?

#8 பஞ்சாயத்துபெஞ்ச்

இல்லை. ஆனா சும்மாவே கிடந்தா யாராவது வேலி போட்டு உள்ள பூந்துருவாங்க. அப்பவும் எங்களைத்தான் திட்டுவீங்க.

#9 நகரிநெசவு

ஆந்திரா பார்டர்ல இருந்து எழுதறேன். எங்க நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கமும் இதே கதைதான், பேருங்கதான் வேற. இங்க தானபத்திரம், அப்புறம் அடங்கல், 1பி ன்னு நிலக் கணக்குக் காகிதங்க. ஒரு சௌகரியம் உண்டு. ரிஜிஸ்ட்ரேஷன் சட்டத்துல 22-ஏ ன்னு ஒரு பிரிவு. அந்த லிஸ்ட்ல ஒரு சர்வே நம்பர் ஏறிட்டா சப் ரிஜிஸ்ட்ரார் கையே வைக்க மாட்டார், வித்துட்டுப் போற வேலை நடக்காது. கவர்மென்ட் நிலம், கோயில் நிலமெல்லாம் அதுல வரும். ஆனா தப்பா ஏத்தின பட்டா நிலத்தை வெளியே எடுக்க ஜனங்க தாசில்தார் ஆபீசுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் நடந்தே ஓஞ்சு போறாங்க.

இன்னொண்ணு. விக்கறதைத் தடுக்கற பூட்டுதான் அது. ஆஸ்பத்திரிக்குக் குடுத்த இடத்துல அவங்களே கொடவுன் கட்டினா 22-ஏ என்ன பண்ணும்? ஒண்ணும் பண்ணாது.

வினோபாவோட பூதானத்தையே பாருங்க. 1951-ல போச்சம்பள்ளியில வெதிரே ராமச்சந்திர ரெட்டி 100 ஏக்கர் குடுத்ததுல ஆரம்பிச்சுது. அதுக்குத் தனிச் சட்டம், தனி போர்டு எல்லாம் வந்தது. அப்பவும் பாறை நிலமும் வழக்கு நிலமும் எத்தனை! குடுத்த நிலத்தைக் கணக்குல காப்பாத்தறதே தனி வேலை.

#10 ஆரோக்கியம் வீட்டுப்பையன்

சம்பந்தமா ஒரு சந்தேகம். நாங்க கொழிஞ்சாம்பாறைப் பக்கம், கிறிஸ்தவங்க. எங்க பெரிய தாத்தா வாசகசாலைக்குன்னு கொஞ்சம் இடம் உயில்ல எழுதினார். எழுதி நாலு மாசத்துல தவறிட்டார். அண்ணன் தம்பி மக்க இருக்கறப்ப ஒரு வருசத்துக்கு முந்தியே எழுதியிருக்கோணும், இது செல்லாதுன்னு அப்பவே ஒரு வக்கீல் சொல்லி, இடத்தைப் பங்கு போட்டுட்டாங்க. அப்படி ஒரு சட்டம் நிஜமாவே இருந்துதா?

#11 கோர்ட்வாசல்

இருந்தது. 1925 வாரிசுரிமைச் சட்டம் 118-ஆம் பிரிவு. அண்ணன் தம்பி, அக்கா தங்கை பிள்ளைகளோ அதைவிட நெருங்கிய உறவோ உள்ளவர், மதத்துக்கோ தர்மத்துக்கோ சொத்து எழுதினால், இறப்பதற்கு 12 மாதத்துக்கு முன்பே எழுதி, 6 மாதத்துக்குள் உரிய இடத்தில் ஒப்படைத்திருக்க வேண்டும். இந்துக்களுக்கு இது பொருந்தாது, நடைமுறையில் கிறிஸ்தவர்கள் தலையில்தான் விழுந்தது. கேரளத்துப் பாதிரியார் ஜான் வள்ளமற்றம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003-இல் அந்தப் பிரிவை ரத்து செய்தது. உங்கள் விஷயத்தில் பங்கு பிரிந்து எவ்வளவு காலம் ஆனது என்பதைப் பொறுத்து இருக்கிறது. தனி இழை தொடங்குங்கள், பேசுவோம்.

#12 ஆரோக்கியம் வீட்டுப்பையன்

சரிங்கண்ணா. எழுதினது செல்லாதுன்னு பங்காளிக சொன்னப்ப ஊர்ல ஒருத்தரும் கேட்கலை, அதுதான் உறுத்துது.

#13 எல்லைக்கல்

முனம்பம் வக்ஃபு நில விவகாரத்துல 404 ஏக்கர் எப்படி...

#14 மட்டுறுத்துனர்

#13-ன் மீதியை நீக்கியிருக்கிறேன். முனம்பம் வேறு விவகாரம், இங்கே இழுத்தால் நாலே பதிவில் இழை எரிந்துவிடும். 40 சென்டிலேயே நிற்போம்.

#15 ரைட்பேங்க் வாய்க்கால்

ரொம்ப நேரமாப் படிச்சுட்டு இருக்கேன். கோரையாத்துப்பேத்தி அக்கா, நீங்க எந்த ஊருன்னு எனக்குத் தெரியும். எங்க பாட்டி உங்க தோட்டத்துல கடலைக்காய் பொறுக்கினவங்க.

அப்பாரு அந்த உயில் எதுக்கு எழுதினாருன்னு உங்க வீட்ல சொல்லியிருப்பாங்களான்னு தெரியலை. எங்க சாளையில, தோட்டத்து ஆளுக குடியிருந்த இடத்துல, சொல்லுவாங்க. பிரசவ வலி வந்தா மாட்டு வண்டியில சித்தூருக்கோ பொள்ளாச்சிக்கோ கொண்டு போகோணும். மழைக்காலத்துல கோரையாறு தண்ணி வந்துட்டா அந்தக் கரை அந்தக் கரைதான். எங்க பாட்டியோட தங்கச்சி வண்டியிலயே போயிட்டாங்க. வண்டி உங்க அப்பாரோடது, ஓட்டிட்டுப் போனதும் அவருதான். தோட்டத்து வேலைக்காரப் பொம்பளைகளுக்காக எழுதின பூமி அது.

அதனால சித்தப்பா "எங்க பூமி"ங்கறப்ப எனக்குச் சுருக்குன்னு இருக்குது. மெம்பர் சார் "பஞ்சாயத்துப் பூமி"ங்கறப்பவும் அப்படியேதான். ரெண்டு பேரும் மார்க்கெட் விலையைப் பார்த்துத்தான் பேசறீங்க. அது எங்களுக்கு எழுதின பூமி. 40 வருசமா எங்ககிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?

#16 கோரையாத்துப்பேத்தி

இதை சித்தப்பாவுக்கு அப்படியே வாசிச்சுக் காட்டினேன் கண்ணு. அப்பாரு வண்டி ஓட்டிட்டுப் போனது அவருக்கும் தெரியுமாம், அப்ப அவரு ஸ்கூல்ல படிச்சிட்டு இருந்தாராம். "அதுக்காகக் கடைக்காரனுக்கு விட்டுக் குடுக்கச் சொல்றயா"ன்னு கோவிச்சுக்கறாரு. கோவம் நியாயம்தானுங்க, ஆனா வேற பக்கம் திரும்பியிருக்குது.

#17 பழைய ஆதாரமெழுத்து

ரைட்பேங்க் புள்ள எழுதினதுதான் சரியான வழக்கு. பூமி வேணும்னு வாரிசு கோர்ட்டுக்குப் போனா "விலை ஏறினதும் வந்துட்டாங்க"ன்னு ஒரே வார்த்தையில அடிச்சிடுவாங்க. ஆஸ்பத்திரி எங்கன்னு ஊர்ப் பொம்பளைக கேட்டா பதில் சொல்லியே ஆகோணும்.

தாமதம்னு யாரும் சோர வேண்டாம். மெட்ராஸ்ல பச்சையப்ப முதலியார் தர்மத்துக்குன்னு உயில் எழுதி 1794-ல காலமானாரு. அந்தப் பணம் யார் யார் கையிலயோ சிக்கி, அன்னிக்கு மெட்ராஸ்லயே இருந்த சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி, அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் மெனக்கெட்டு, 1842-லதான் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சுது. கணக்குப் போடுங்க, 48 வருசம். கெஞ்சிக் கேட்டிருந்தா வந்திருக்காது, டிக்ரி வாங்கித்தான் வந்துது.

மறுபக்கமும் உண்டு. காரைக்குடியில அழகப்ப செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுத்தாரு, 1948-லயே நேரு அஸ்திவாரக் கல் போட்டாரு, மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் எழும்பிருச்சு. அங்க பூமியோட கூடவே பணமும் வந்துது, ஆளும் வந்துது, டெல்லியில பேசற செல்வாக்கும் வந்துது. வெறும் பூமியை மட்டும் குடுக்கறது மாப்பிள்ளை பார்க்காம பந்தல் போடற மாதிரி.

#18 பஞ்சாயத்துபெஞ்ச்

மேல ரெண்டு பேருகிட்டயும் நல்லா வாங்கிக்கிட்டேன். ஒரு உருப்படியான வழி சொல்றேன்.

புது ஆஸ்பத்திரின்னு கேட்டா திருவனந்தபுரத்துல ஃபைல் தூங்கிரும். அதுவுமில்லாம இப்பப் பிரசவமெல்லாம் தாலூக்கு ஆஸ்பத்திரி, ஜில்லா ஆஸ்பத்திரியிலதான், சின்ன இடத்துல பிரசவம் பார்க்க யாரும் சம்மதிக்க மாட்டாங்க. ஆனா உங்க பஞ்சாயத்துல சப் சென்டர் இருக்குமில்ல? 2023-ல இருந்து ஜனகீய ஆரோக்கிய கேந்திரம்னு பேரு. அது சொந்தக் கட்டடத்துல ஓடுதா, வாடகையிலயா? வாடகைன்னா ரூட் கிளியர். போஸ்ட் ஏற்கெனவே இருக்குது, நர்ஸ் இருக்காங்க, நிதித் துறைகிட்டப் போக வேண்டாம். கட்டடம் மட்டும் போதும், அதைப் பஞ்சாயத்து பிளான் ஃபண்டுல வைக்கலாம். கர்ப்பிணிகளுக்கு மாசாமாசம் செக்கப், தடுப்பூசி எல்லாம் அங்கதான் நடக்குது. அப்பாரு எழுதினதுக்கு அதைவிடக் கிட்டத்துல எதுவும் இல்லை.

#19 ரைட்பேங்க் வாய்க்கால்

வாடகைதாங்க! பழைய ரேஷன் கடை மாடியில. மாசமா இருக்கறவங்க படி ஏறோணும்.

#20 வேலந்தாவளம்டீக்கடை

இதுக்கு மேல என்ன சாட்சி வேணும். மாடிப்படியை போட்டோ எடுத்து வைங்க.

#21 கோர்ட்வாசல்

பெஞ்ச் சொன்னது நல்ல வழி. கோர்ட்டிலும் நிற்கும், "மிக நெருங்கிய காரியம்" என்பதற்குள் வந்துவிடும். ஆனால் கடைக்கு டெண்டர் விட்டு, கான்ட்ராக்டர் மண் தோண்டிவிட்டால் எல்லாம் சிக்கல். ஆகவே முதலில் தீர்மானத்தை நிறுத்த வேண்டும். பஞ்சாயத்துத் தீர்மானத்தை நிறுத்தி வைக்கவும் ரத்து செய்யவும் 1994 பஞ்சாயத்து ராஜ் சட்டத்தில் அரசுக்கு அதிகாரம் உண்டு. உயில் நகலுடன் மனு கொடுங்கள். பதில் இல்லையென்றால் ஹைகோர்ட்.

முன்னுதாரணம் வேண்டுமா? பெங்களூரில் பூங்காவுக்கு என்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் நர்சிங் ஹோமுக்குத் திருப்பிவிட்டார்கள். அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்கள்தான் வழக்குப் போட்டார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்றது. அங்கே பூங்காவை எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொடுத்ததே செல்லவில்லை. உங்கள் ஊரில் ஆஸ்பத்திரி இடத்தில் கடை.

மொழிபெயர்ப்புக்கு ஒரு வார்த்தை. கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவித்த இடங்களில் உள்ள அரசு ஆபீஸ்களுக்குத் தமிழர்கள் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும். மனுவைத் தமிழில் கொடுங்கள். கோர்ட்டுக்குப் போகும்போது மட்டும் மொழிபெயர்ப்பு பார்த்துக்கொள்ளலாம்.

#22 நகரிநெசவு

தமிழ்ல மனு குடுக்க உங்களுக்குச் சட்டமாவது இருக்கு. குடுங்க குடுங்க.

#23 பழைய ஆதாரமெழுத்து

இனிமே பூமி குடுக்க நினைக்கறவங்களுக்கும் சேர்த்துச் சொல்லிடறேன். கேரள சர்க்காரோட லைஃப் மிஷன் வீட்டுத் திட்டத்துல "மனசோடித்திரி மண்ணு"ன்னு வீடில்லாதவங்களுக்குப் பூமி கேட்டாங்க, குடுத்தவங்க உண்டு. மதுரை கொடிக்குளத்துல ஒரு அம்மா 1 ஏக்கர் 52 சென்ட் ஸ்கூலுக்கு எழுதிக் குடுத்தாங்க. குடுக்கற மனசு இன்னும் இருக்குது. எழுதறப்ப மட்டும் கொஞ்சம் கல்நெஞ்சு வேணும். எந்தக் காரியம், எத்தனை வருசத்துக்குள்ள, நடக்கலைன்னா பூமி யாருக்குப் போகோணும், இது மூணும் ஆதாரத்துல இருக்கோணும். நடக்கலைன்னா வாரிசுக்குன்னு எழுத மனசு வரலைன்னா பக்கத்து ஸ்கூலுக்கோ வாசகசாலைக்கோன்னு எழுதுங்க. வெறுமனே நம்பிக்கையில எழுத வந்தவங்ககிட்ட நான் "ஒரு வருசக் கணக்கு போடுங்க"ன்னு சொன்னா, "கவர்மென்டை நம்பலைன்னு ஆயிருமே"ன்னு கூச்சப்படுவாங்க. பெரிய மனுசங்க!

#24 கோரையாத்துப்பேத்தி

எல்லாருக்கும் நன்றிங்க. சர்ட்டிபைடு காப்பிக்கு அப்ளை பண்ணியாச்சு. தீர்மானத்தை நிறுத்தச் சொல்லி மனு தமிழ்ல எழுதிட்டு இருக்கேன், வக்கீல் அண்ணா ஒரு தடவை பார்த்துக் குடுத்தா நல்லது. 92-ல வழக்குன்னு வந்தா நானும் ரைட்பேங்க் தங்கச்சியும் பேரு குடுக்கறோம்.

சித்தப்பாதான் இன்னும் முழுசா இறங்கி வரலை. "போர்டுல அப்பாரு பேரு வருமா"ன்னு கேட்டாரு. வரும்னு சொல்லி வெச்சிருக்கேன். பெஞ்ச் சார், வருமில்லீங்க?

#25 பஞ்சாயத்துபெஞ்ச்

கமிட்டி தீர்மானம் போட்டா வரும். சப் சென்டரை அந்த இடத்துக்கு மாத்தோணும்னு முதல்ல கிராமசபையில போடுங்க. கோரம் ஓட்டர்ல 10 சதவீதம், மறந்துடாதீங்க. ஆள் கம்மியா இருந்தா அதையே சாக்கா வெச்சுக் கலைச்சுட்டுப் போயிருவாங்க. மினிட்ஸ் புக்ல ஏத்தினதைக் கண்ணால பார்த்துட்டு எந்திரிங்க.

#26 ரைட்பேங்க் வாய்க்கால்

கோரம் என் பொறுப்பு. தொழிலுறுதிங்கற ஊரக வேலைத் திட்டத்துக்குப் போற பொம்பளைக அத்தனை பேரும் வருவாங்க. சித்தப்பாவையும் கூட்டிட்டு வாங்க அக்கா, முன் வரிசையில சேர் போடறோம். மைக் மட்டும் குடுக்க மாட்டோம்.